15 நிமிடத்தில் சிதையும் நியூட்ரான் நம் உடம்பில் எப்படி நிலைக்கிறது?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாள். தனியாக விட்டால் நியூட்ரான் சுமார் 15 நிமிடத்தில் சிதைந்துவிடும் என்கிறார்களே, நம் உடம்பில் இருக்கும் நியூட்ரான்கள் ஏன் சிதையவில்லை? மின்னூட்டமே இல்லாத ஒரு துகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அணு உலையில் அதை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறார்கள்? நியூட்ரானால் ஆன நட்சத்திரம் எப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்கிறது?

எனக்கு ரொம்பப் பிடித்தது முதல் கேள்வி. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் 30 கிலோவுக்கும் மேல் நியூட்ரான்தான். 15 நிமிடக் கணக்கு அப்படியே பொருந்துவதாக இருந்தால், காலையில் பேப்பர் படித்து முடிப்பதற்குள் ஆள் காலி. மூன்றாவது கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் இங்கிருந்தே தொடங்கலாம்.

நியூட்ரானுக்குள் ஏதோ கடிகாரம் ஓடுகிறது, நேரம் முடிந்ததும் அது உடைகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இதை வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் எளிதாகப் புரியும். துகள்களின் நிறையை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகில் எழுதுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் அலகை எழுதினால் படிப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும், இனி எண்ணை மட்டும் சொல்கிறேன். நியூட்ரான் 939.565. புரோட்டான் 938.272. எலக்ட்ரான் 0.511. பின்னவை இரண்டையும் கூட்டினால் 938.783. நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானையும் உண்டாக்கிய பிறகும் கையில் 0.782 மிச்சம் இருக்கிறது. கூடவே பிறக்கும் எதிர் நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு நிறை ஏறக்குறைய இல்லை என்பதால் அந்த மிச்சத்தை எல்லாரும் இயக்க ஆற்றலாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கையில் மிச்சம் இருந்தால் சிதையலாம், இல்லையென்றால் முடியாது. இந்த மிச்சம் எவ்வளவு சின்னது என்று கவனியுங்கள்: மொத்த நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கு மறுபக்கம் சாய்ந்து நியூட்ரான் கொஞ்சம் இலேசாக இருந்திருந்தால், ஹைட்ரஜன் அணுதான் தன் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாகச் சிதைந்துகொண்டிருக்கும். தண்ணீரும் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம்.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தையும் களைந்துவிடலாம். புரோட்டானும் எலக்ட்ரானும் ஒட்டிக்கொண்டதுதான் நியூட்ரான், சிதைவு என்பது அவை பிரிவது என்று நிறையப் பேர் சொல்வார்கள். இதை நினைத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1920-இல் இப்படி ஒரு துகள் இருக்கலாம் என்று ரூதர்ஃபோர்டு ஊகித்தபோது அவர் மனதில் இருந்த படமே இதுதான். ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளின் நிறை, பிரிந்த பாகங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நியூட்ரானோ அதிகமாக இருக்கிறது. அதற்குள் இருப்பவை குவார்க் என்ற அடிப்படைத் துகள்கள்: ஒரு மேல் குவார்க்கும் இரண்டு கீழ் குவார்க்குகளும். சிதையும்போது ஒரு கீழ் குவார்க் மேல் குவார்க்காக மாறுகிறது. எலக்ட்ரான் அந்த நொடியில்தான் புதிதாகப் பிறக்கிறது, முன்பே உள்ளே ஒளிந்திருக்கவில்லை.

சரி, இப்போது அணுக்கருவுக்குள் போவோம். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிணையும்போது 2.22 ஆற்றல் வெளியே போய்விடுவதால் டியூட்ரானின் நிறை 1875.613 ஆகக் குறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் நியூட்ரான் சிதைந்தால் கிடைப்பது இரண்டு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். அவற்றின் கூட்டுத்தொகை 1877.055. அதாவது சிதைய வேண்டுமென்றால் 1.44 கடன் வாங்க வேண்டும். கடன் கொடுக்க அங்கே யாரும் இல்லை. அதனால்தான் பெருவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்குள் உருவான டியூட்ரான்கள், 1,380 கோடி ஆண்டுகள் கழித்து இன்றும் கடல் தண்ணீரில் அப்படியே இருக்கின்றன.

உடம்பில் இருக்கும் கார்பன்-12-க்கும் இதே கதைதான். அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் நைட்ரஜன்-12 வரும், அதற்கு 17-க்கும் மேல் பற்றாக்குறை. ஆக, கருவுக்குள் இருக்கும் நியூட்ரானை மட்டும் தனியே பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. முன்பு இருந்த முழுக் கரு, பின்பு வரும் முழுக் கரு, இரண்டையும் வைத்துத்தான் போட வேண்டும். சில கருக்களில் மிச்சம் வரும், அவை சிதையும். ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் உள்ள ஹைட்ரஜனான டிரிட்டியத்தில் வரும் மிச்சம் வெறும் 0.0186, அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதிக் கருக்கள் சிதைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. கார்பன்-14-க்கு மிச்சம் 0.156, அரை ஆயுட்காலம் சுமார் 5,730 ஆண்டு. மிச்சம் கூடினால் ஆயுள் குறைய வேண்டுமே, இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று உங்கள் மகள் உடனே கேட்பாள், கேட்கவும் வேண்டும். இரண்டு கருக்களின் உள்ளமைப்பும் எவ்வளவு பொருந்துகிறது என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும். கார்பன்-14 அந்த வகையில் ரொம்பவே மந்தமான விதிவிலக்கு.

அந்தக் கார்பன்-14-ஐ உண்டாக்குவதே நியூட்ரான்தான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்கவிடுகின்றன. அவற்றில் ஒன்று நைட்ரஜன்-14-க்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால் கார்பன்-14. அது கார்பன் டை ஆக்சைடாக மரத்துக்குள் போகிறது, மரம் செத்ததும் வரவு நின்று செலவு மட்டும் நடக்கிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்று காலம் சொன்னார்களே, அது இப்படி எஞ்சிய கார்பன்-14-ஐ எண்ணிச் சொன்னதுதான்.

15 நிமிடம் என்பதையும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். அது சராசரி ஆயுட்காலம். சரியாகச் சொன்னால் சுமார் 880 வினாடி. அரை ஆயுட்காலம் 10 நிமிடத்தை ஒட்டி வரும். ஒரு புத்தகத்தில் 10, இன்னொன்றில் 15 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே விஷயம்தான். இன்னொன்று, நியூட்ரானுக்கு வயதாவதில்லை. இப்போது பிறந்ததும், அரை மணி நேரம் தாக்குப்பிடித்ததும் அடுத்த நிமிடத்தில் சிதைய ஒரே வாய்ப்புதான்.

'சுமார் 880' என்று நான் மழுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. இதை அளக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று புட்டி முறை. நியூட்ரான்களை ரொம்பவும் மெதுவாக்கி, ஆள் ஓடும் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரு பாத்திரத்தில் போட்டு வைக்கலாம். வினாடிக்கு 7 மீட்டர் வேகம் என்றால் மேலே எறிந்த பந்து மாதிரி இரண்டரை மீட்டருக்கு மேல் ஏற முடியாமல் திரும்ப விழும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் இருக்கும் பாத்திரத்துக்கு மூடியே கிடையாது. அடியிலும் பக்கத்திலும் காந்தங்கள், மேலே வெறும் புவியீர்ப்பு. அணுக்கரு இயற்பியலில் புவியீர்ப்பைக் கண்டுகொள்ளவே மாட்டோம் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய எனக்கு, இந்த மூடியில்லாப் பாத்திரத்தைப் பற்றி முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எத்தனை மீதி இருக்கின்றன என்று எண்ணினால், சுமார் 878 வினாடி. இரண்டாவது கற்றை முறை. கடந்து போகும் நியூட்ரான் கற்றையிலிருந்து எத்தனை புரோட்டான் பிறக்கிறது என்று எண்ணுவது. அதில் சுமார் 888 வினாடி. 10 வினாடி வித்தியாசம் இன்னும் தீரவில்லை. நூறில் ஒரு நியூட்ரான் புரோட்டானே தராமல் கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதோ துகளாகச் சிதைகிறதோ என்றுகூட ஒரு யோசனை உண்டு. என்னைக் கேட்டால், ஏதோ ஒரு முறையில் கண்ணுக்குப் படாத பிழை ஒளிந்திருக்கிறது என்றுதான் பந்தயம் கட்டுவேன்.

அடுத்த கேள்வி, எப்படிப் பிடித்தார்கள்? நேராகப் பிடிக்கவில்லை, அது யாரை இடித்தது என்று பார்த்தார்கள். பெரிலியத்தின் மேல் ஆல்பா துகள்களை, அதாவது ஹீலியம் கருக்களை, மோதவிட்டால் ஈயத்தையும் துளைத்துக்கொண்டு போகும் ஒரு கதிர் வருவது 1930-இலேயே ஜெர்மனியில் தெரிந்திருந்தது. அந்தக் கதிர் பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வேகமாகத் தெறிக்கவிடுகிறது என்று 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் கண்டார்கள். அது ஆற்றல் மிகுந்த ஒளியான காமா கதிராகத்தான் இருக்கும் என்றார்கள். அப்படித் தெறிக்க காமாவுக்கு 50-க்கும் மேல் ஆற்றல் வேண்டும், அந்த வினையில் அவ்வளவு கிடைக்கவே கிடைக்காது. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் மெழுகோடு நிற்காமல் வேறு பல பொருள்களையும் வைத்து, எது எவ்வளவு வேகத்தில் தெறிக்கிறது என்று அளந்தார். புரோட்டானை ஒத்த நிறையுள்ள, மின்னூட்டம் இல்லாத துகள் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. சில வாரங்களில் வேலை முடிந்தது, 1935-இல் நோபல் பரிசு. இன்றும் நியூட்ரான் கருவிகள் எல்லாம் அதே உத்திதான். போரான்-10 ஒரு நியூட்ரானை விழுங்கினால் ஆல்பாவும் லித்தியமும் வெளியே வரும், அவற்றுக்கு மின்னூட்டம் உண்டு, அதை எண்ணிக்கொள்ளலாம்.

1934 அக்டோபரில் ரோமில் நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். இத்தாலிய இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு வெள்ளியின் மேல் நியூட்ரான் பாய்ச்சிக் கதிரியக்கம் உண்டாக்கிக்கொண்டிருந்தது. அதே வெள்ளி, அதே நியூட்ரான் மூலம். ஆனால் மர மேசையில் வைத்துச் செய்தால் அதிகக் கதிரியக்கம், பளிங்கு மேசையில் குறைவு. மேசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஃபெர்மி நடுவில் ஒரு பாரஃபின் துண்டை வைத்துப் பார்த்தார், எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. மரத்திலும் மெழுகிலும் நிறைய ஹைட்ரஜன் இருக்கிறது. கேரம் போர்டில் ஒரு காய் இன்னொரு காயை நேராக இடித்தால் இடித்தது அப்படியே நின்றுவிடும், மற்றது ஓடும். சுவரில் இடித்தால் அதே வேகத்தில் திரும்பும். ஹைட்ரஜன் கரு நியூட்ரானுக்குச் சம எடைக் காய், ஈயக் கரு சுவர். அணு உலையில் யுரேனியக் கரு நியூட்ரானை விழுங்கி உடைவதைப் பிளவு என்பார்கள், அதில் பிறக்கும் நியூட்ரான்கள் அடுத்த கருக்களை உடைப்பதுதான் தொடர்வினை. பிளவில் பிறக்கும் நியூட்ரானை அறை வெப்பநிலை வேகத்துக்குக் கொண்டுவர ஹைட்ரஜனோடு சுமார் 18 மோதல் போதும், கார்பனோடு 110-க்கும் மேல் வேண்டும். நியூட்ரானை ஈயத்தால் தடுக்க முடியாது, தண்ணீரும் மெழுகும் போரானும்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

மெதுவாகப் போனால் ஏன் நன்றாக வேலை செய்கிறது? வினாடிக்கு 20,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கருவுக்கு அருகில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. வினாடிக்கு 2.2 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால் அதன் அலைத்தன்மை பெரிதாக விரிந்து, யுரேனியம்-235 அதை விழுங்கிப் பிளக்கும் வாய்ப்பு சில நூறு மடங்கு கூடுகிறது. கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணு மின் நிலையத்தில் கனநீரை, அதாவது சாதாரண ஹைட்ரஜன் கருவுக்குப் பதில் டியூட்ரான் இருக்கும் தண்ணீரை, நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானாக வைத்திருப்பது இதற்குத்தான். சாதாரணத் தண்ணீர் இன்னும் வேகமாகத் தணிக்கும், ஆனால் போகிற போக்கில் நியூட்ரானைக் கொஞ்சம் தின்றும் விடும். இயற்கை யுரேனியத்தில் 235 வெறும் 0.7 சதவீதம் என்பதால் அந்த இழப்பைத் தாங்காது. கூடங்குளத்தில் 235-இன் பங்கைக் கூட்டிச் செறிவூட்டிய யுரேனியம், அங்கே சாதாரணத் தண்ணீர் போதும். கல்பாக்கத்திலேயே இருக்கும் வேக ஈனுலையில் தணிப்பானே கிடையாது. நியூட்ரான் வேகமாகவே இருக்க வேண்டும் என்பதால் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம்.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது உலை நம் கைக்குள் அடங்குவதுதான். ஒரு பிளவிலிருந்து அடுத்த பிளவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்று வையுங்கள். அப்படி ஒரு தலைமுறைக்கு நியூட்ரான் எண்ணிக்கை 0.1 சதவீதம் கூடினாலும் 10 வினாடியில் 20,000 மடங்கு ஆகிவிடும், எந்தக் கட்டுப்பாட்டுத் தண்டும் அதற்குள் இறங்காது. காப்பாற்றுவது சுணங்கி வரும் நியூட்ரான்கள். யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் சுமார் 0.65 சதவீதம் உடனே வருவதில்லை. உதாரணத்துக்கு புரோமின்-87 என்ற பிளவுத் துண்டு, 55 வினாடி அரை ஆயுட்காலத்தில் கிரிப்டான்-87 ஆகச் சிதைகிறது, சில சமயம் கணக்கில் இருக்கும் மிச்சம் ஒரு நியூட்ரானையே வெளியே தள்ளும் அளவுக்கு இருக்கிறது. இந்தச் சிறுபான்மை வந்து சேர்ந்தால்தான் தொடர்வினை ஓடும் என்கிற அளவில் உலையை வைத்துக்கொள்கிறார்கள். அப்போது எல்லாம் வினாடிக் கணக்கில் நடக்கும், மனிதனும் இயந்திரமும் சாவகாசமாகத் திருத்தலாம்.

நியூட்ரான் நட்சத்திரத்துக்கு வருவோம். பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், எலக்ட்ரான்களின் அழுத்தத்தால் நிற்கும் இறந்த நட்சத்திரத்துக்கு ஒரு நிறை உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டார். இன்று அதை 1.4 சூரிய நிறை என்கிறோம். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு விடை சொல்ல அப்போது நியூட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடித்து இரண்டு வருடத்துக்குள் வானியலாளர்கள் பாடேயும் ஸ்விக்கியும், நட்சத்திரம் வெடித்துச் சாவதை மனதில் வைத்து, 'சூப்பர்நோவா வெடிப்பில் நியூட்ரான் நட்சத்திரம் பிறக்கலாம்' என்று எழுதிவிட்டார்கள். 1967-இல் ஜோசலின் பெல், 1.337 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்தார். பல்சார் என்று பெயர் பெற்ற அது, சுழலும் நியூட்ரான் நட்சத்திரம்தான்.

அங்கே நியூட்ரான் ஏன் சிதையவில்லை? மறுபடியும் கணக்குதான். சிதைந்தால் பிறக்கும் எலக்ட்ரானுக்கு ஓர் இடம் வேண்டும். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது பவுலியின் விதி. அந்த நெருக்கடியில் கீழ்நிலை இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, காலி இடம் சுமார் 100 ஆற்றலுக்கு மேலேதான். கையில் இருப்பது 0.78. தீபாவளிக்கு முதல் நாள் எழும்பூர் ரயில் நிலையத்தில் அன்ரிசர்வ்டு டிக்கெட்டோடு நிற்பவர் நிலைமைதான். 'முழுக்க நியூட்ரான்' என்பதும் சரியில்லை. முன்பே அந்த இடங்களைப் பிடித்துக்கொண்ட எலக்ட்ரான்களும் அவற்றுக்கு இணையான புரோட்டான்களும் சில சதவீதம் உண்டு, மேல் ஓட்டில் இரும்பு போன்ற கருக்களும் உண்டு. இரண்டு நியூட்ரான்கள்கூடப் பூமியில் தாமாக ஒட்டி நிற்பதில்லை. நட்சத்திரத்தில் அவற்றைக் கட்டி வைத்திருப்பது ஈர்ப்புவிசை.

ஈர்ப்பைத் தாங்குவது நியூட்ரான்களின் பவுலி அழுத்தம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். அதை மட்டும் வைத்து 1939-இல் ஆப்பன்ஹைமரும் வோல்காஃபும் கணக்கிட்டபோது உச்சவரம்பு 0.7 சூரிய நிறைதான் வந்தது. நாம் பார்த்திருக்கும் நியூட்ரான் நட்சத்திரங்களில் 2 சூரிய நிறையைத் தொட்டவையே இருக்கின்றன. ரொம்ப நெருங்கினால் நியூட்ரான்கள் ஒன்றையொன்று பலமாகத் தள்ளுகின்றன, கருவுக்குள் துகள்களைப் பிணைக்கும் வலுவிசையின் இந்த விலக்கம்தான் பெரும்பாரத்தைச் சுமக்கிறது.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் டீஸ்பூன். நியூட்ரான் நட்சத்திரப் பொருளில் ஒரு ஸ்பூன் எடுத்தால் 100 கோடி டன்னுக்கு மேல் வரும் என்பது சரிதான். ஆனால் ஸ்பூனில் எடுத்த கணமே அதை அமுக்கிவைத்த ஈர்ப்பு போய்விடும், பயங்கரமாக வெடித்து விரியும். எலக்ட்ரானுக்கும் இடம் கிடைத்துவிடும். இந்தச் சோதனையை இயற்கையே ஒருமுறை நமக்குக் காட்டியது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பு அலை பூமியை வந்தடைந்தது. 1.7 வினாடி கழித்துக் காமா கதிர் வந்தது. மோதலில் சிதறிய பொருளில் கருக்கள் நியூட்ரான்களை வாரி விழுங்கிப் பெருத்தன, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைந்தன. அந்தச் சிதைவின் வெப்பத்தில்தான் அந்தப் புகை மண்டலம் ஒளிர்ந்தது. முதல் நாள் நீலம், சில நாளில் சிவப்பு. அதன் நிறமாலையில் ஸ்ட்ரான்சியத்தின் தடம் இருப்பதை 2019-இல் அறிவித்தார்கள். தங்கமும் பிளாட்டினமும் இந்த வழியில் உண்டாகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இடமில்லாமல் காத்திருந்த நியூட்ரான்கள், இடம் கிடைத்ததும் சிதைந்த வெளிச்சத்தைத்தான் தொலைநோக்கிகள் அந்தச் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.